பூச்சி என்று நினைத்த வலி: ஒரு ஷிட்சு நாயின் ஆசனவாய்ச் சுரப்பிச் சீழ்க்கட்டி, நிகழ்வு ஆய்வு

நான் சிங்கப்பூரில் ஒரு கால்நடை மருத்துவமனையில் தாதி. கீழே உள்ளது எங்களிடம் வந்த ஒரு நாயின் ஏழு மாதக் கதை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் எதையும் சேர்க்கவில்லை. இது அபூர்வமான நோய் இல்லை, வாரம் தவறாமல் வருவது. அப்படியிருந்தும் இந்த நாயின் வலியை நாங்கள் எல்லாருமே தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். அது எந்தெந்த இடத்தில் நழுவியது என்று முழுவதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், எழுபத்து நான்கு வயதுப் பாட்டி, இந்தோனேசியாவிலிருந்து வந்த பணிப்பெண் ஆகியோர் உடன் இருக்கிறார்கள். பாட்டியும் பணிப்பெண்ணும் மலாயில் பேசிக்கொள்வார்கள். நாயை நாள்தோறும் இரண்டு வேளை கீழே கூட்டிப்போவது, அது போன பிறகு அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் பணிப்பெண்தான்.

நாய் ஷிட்சு. ஆண், கருத்தடை செய்தது, ஆறு வயது. வீவக வீடுகளில் அனுமதி உள்ள சிறிய இனங்களில் இதுவும் ஒன்று. சிறிய இன நாய்களுக்குத்தான் இந்தச் சுரப்பித் தொல்லை அதிகம் வருகிறது. அடுக்குமாடி வீடுகளில் சின்ன நாய்களே நிறைய இருப்பதால், இங்கே இதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடைக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அங்கே சுரப்பியை வெளியிலிருந்து பிதுக்கிவிடுவார்கள். அது கட்டணத்துக்குள் அடக்கம். எடை 8.4 கிலோ. இந்த நாயின் உடல்வாகுக்கு ஏழு கிலோவை ஒட்டி இருந்தால் போதும். காதுகள் அவ்வப்போது சிவக்கும். முன்னங்கால் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும்; அந்த இடத்து வெள்ளை முடி துருநிறமாகவே மாறியிருந்தது. "அது அதோட பழக்கம்" என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சுரப்பி என்ன செய்கிறது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயின் பின்னால் நின்று வாலைத் தூக்கிப் பார்த்தால், ஆசனவாயின் இரு பக்கமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடத்தில், தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. உள் சுருக்குத்தசைக்கும் வெளிச் சுருக்குத்தசைக்கும் நடுவில் அவை உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று வந்து ஆசனவாயின் ஓரத்தில் திறக்கும். மலம் கெட்டியாக வெளியே வரும்போது பை அமுங்கி, உள்ளே இருக்கும் நாற்றமெடுத்த நீர் கொஞ்சம் கசியும். ஒரு நாய் இன்னொன்றின் வாலடியை முகர்வதில் இந்த வாடைக்கும் பங்குண்டு. மலம் இளகிவிட்டால் பையை அமுக்க எதுவும் இல்லை. நீர் தேங்கிப் பசையாகும், குழாய் அடையும், கிருமி பெருகும், சீழ் பிடிக்கும். கடைசியில் பக்கத்துத் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். தோலில் ஒவ்வாமை உள்ள நாய்க்கு அந்தக் குழாயின் வாயும் வீங்கும் என்பதால் அடைப்பு இன்னும் சுலபம்.

தீபாவளிக்குப் பிறகு

தீபாவளியன்று வீடு நிறைய விருந்தாளிகள். யாரோ ஒருவர் முறுக்கு கொடுத்தார், யாரோ ஆட்டுக்கறித் துண்டு கொடுத்தார். அன்று நாய் எவ்வளவு சாப்பிட்டது என்று ஒருவருக்கும் கணக்குத் தெரியாது. (கறிக்குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியவை, பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும். அந்த வகையில் இந்த நாய் தப்பித்தது.) இரண்டாம் நாளிலிருந்து மலம் இளகியது. பத்து நாள் அப்படியே போனது. நாய் துள்ளிக்கொண்டு திரிந்ததால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை. கூடத்துத் தரைவிரிப்பில் நாய் உட்கார்ந்து, முன்னங்கால்களால் உந்தி, பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே இழுத்துப் போனதைப் பணிப்பெண் பார்த்தார். அது படுத்திருந்த மெத்தையில் பழுப்பாக ஒரு சொட்டுக் கறை, கருவாட்டு வாடை. அதைப் பாட்டியிடம் சொன்னார். அன்று மதியம் சமையலறையில் நெத்திலி பொரித்திருந்தார்கள். வாடை அதிலிருந்துதான் வருகிறது என்று பேச்சு அதோடு நின்றுவிட்டது. மெத்தை உறையைத் துவைத்துப் போட்டார்கள்.

தேய்ப்பது நிற்கவில்லை. "நாய் பின்னாடி தேய்ச்சா வயித்துல பூச்சின்னு அர்த்தம்" என்றார் பாட்டி. ஊரில் ஆடு, மாடு, நாய் எல்லாவற்றோடும் வளர்ந்தவர் அவர். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மைதான். நாடாப்புழு இருந்தாலும் நாய் தேய்க்கும். ஆனால் அப்போது ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போலத் துண்டுகள் ஒட்டியிருக்கும், படுக்கையிலும் கிடைக்கும். பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்கிய நாய்க்குத்தான் அது வரும். இந்த நாய்க்கு மாதாமாதம் தெள்ளு மருந்து போட்டு வந்தார்கள், துண்டு எதையும் பணிப்பெண் பார்க்கவும் இல்லை. எட்டாம் நாள், செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய பூச்சி மாத்திரை கொடுக்கப்பட்டது. மாத்திரையால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனால் "மருந்து கொடுத்தாயிற்று, சரியாகிவிடும்" என்று எல்லாரும் காத்திருந்த நாட்கள்தான் போய்விட்டன.

பன்னிரண்டாம் நாள் முடி வெட்டும் முறை வந்தது. கடைக்காரர் வழக்கம்போலப் பிதுக்கியபோது இடப்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பில் பற்பசை போல வந்திருக்கிறது. வலப்பக்கம் எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்திருக்கிறார். நாய் கத்தியதும் நிறுத்திவிட்டார். அழைத்துப்போக வந்த மகளிடம், "வலது பக்கம் வரல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் செய்யவேண்டியதைச் செய்தார். மகளுக்கு மறுநாள் தேர்வு. வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டாள். பிறகு நாய் வலியில் கிடந்தபோது அவள் அழுத அழுகையைப் பார்த்தவள் நான். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வாய்ச்சொல்லாகக் கொடுத்த செய்தி அது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

பதினான்காம் நாளிலிருந்து நாய் நேராக உட்காரவில்லை. இடது தொடையில் சாய்ந்தே உட்கார்ந்தது. வாலைக் கீழே ஒடுக்கிக்கொண்டது. மலம் கழிக்கக் குந்தும், எழுந்துவிடும், மறுபடி குந்தும். வாலடியைத் துடைக்கப் போன பாட்டியைப் பார்த்து உறுமியது. ஆறு வருஷத்தில் அது அவரைப் பார்த்து உறுமியதே இல்லை. பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அந்த இடத்தில் பூசிவிட்டார். அன்பால் செய்தது, ஆனால் வெள்ளை முடியும் தோலும் மஞ்சளாகிவிட்டதால், மறுநாள் அங்கே சிவந்து வீங்கியது யார் கண்ணிலும் படவில்லை. நாய் அதையும் நக்கியது.

சனிக்கிழமை இரவு

பதினாறாம் நாள், சனிக்கிழமை. இரவு ஒன்பது மணிக்கு வலப்பக்கம் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. தொட்டால் சூடு. அப்பா, தன் முதுகுவலிக்கு வைத்திருந்த ஐபுபுரூஃபன் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டார். அம்மா தடுத்துவிட்டார். இந்த நிகழ்வில் மிகச் சரியாக நடந்த ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாய்க்கென்று உள்ள வலிமருந்தை மறுநாள் தொடங்குவதற்கும் அது தடையாகியிருக்கும்.

அம்மா இரவு நேர அவசர மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினார். சாப்பிடுகிறதா, சிறுநீர் போகிறதா, வாந்தி உண்டா, ஈறு வெளுத்திருக்கிறதா, எழுந்து நடக்கிறதா என்று கேட்டார்கள். நாய் இரவு உணவில் பாதி சாப்பிட்டிருந்தது, சிறுநீர் போனது, நடந்தது. உடனே வரலாம், இல்லையென்றால் காலையில் வழக்கமாகப் பார்க்கும் இடத்துக்குப் போகலாம், சோர்ந்து விழுந்தாலோ ரத்தம் நிற்காமல் போனாலோ காத்திருக்க வேண்டாம் என்றார்கள். இங்கே ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற முடியாது, செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார் நள்ளிரவில் கிடைப்பது சிரமம், இரவுக் கட்டணமும் அதிகம். காலைவரை பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் மருத்துவரும் அது தவறில்லை என்றே பின்னர் சொன்னார். வலிமருந்து அரைநாள் முன்னதாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அதிகாலை இரண்டு மணிக்குக் கட்டி உடைந்தது. மெத்தை முழுவதும் ரத்தமும் சீழும். ஆசனவாய்க்குள்ளிருந்துதான் ரத்தம் வருகிறது என்று பயந்துபோனார்கள். ஆனால் உடைந்த அரை மணி நேரத்தில் நாய் நிம்மதியாகத் தூங்கிவிட்டது. காலையில் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. "நல்லாத்தானே இருக்கு, இனி போகணுமா?" என்று அப்பா கேட்டாராம். கட்டி உடைந்ததும் உள்ளழுத்தம் இறங்குகிறது, வலி குறைகிறது. புண் ஆறியதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் வராமல் நின்றுவிட்டு, பத்து நாள் கழித்துப் புரையோடிய துளையோடு வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் குடும்பம் வந்துவிட்டது.

மருத்துவமனையில் கண்டது

ஞாயிற்றுக்கிழமை காலை. பணிப்பெண்ணுக்கு அன்று விடுப்பு நாள். ஆனாலும் நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர்தான் வந்தார். எப்போது தொடங்கியது என்று வழக்கம்போலக் கேட்டேன். "ரெண்டு நாளா" என்றார் அம்மா. "முடி வெட்டப் போனதிலேருந்து" என்றார் அப்பா. நான் இரண்டையும் எழுதிக்கொண்டிருந்தபோது பணிப்பெண் மெதுவாக, தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள் என்றார். விரிப்பில் இழுத்தது, மெத்தைக் கறை, மீன் வாடை, மலம் எத்தனை நாள் இளகி இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது என்று வரிசையாகச் சொன்னார். நான் எழுதியதை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். மருத்துவர் நோயை நிர்ணயிக்கக் கைகொடுத்த வரலாறு அதுதான்.

உடல்வெப்பம் 39.6 டிகிரி செல்சியஸ். நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை இயல்பு. வலப்பக்கம், 4 மணி இடத்தில், மஞ்சள் பூச்சுக்கு அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் துளை. சுற்றிலும் தோல் சிவந்து தடித்திருந்தது. தொடவே விடவில்லை. இந்த நிலையில் விழித்திருக்கும் நாயின் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பது கொடுமை என்பதால் மருத்துவர் மயக்கமருந்து கொடுத்த பிறகே தொட்டார். இடப்பைக்குள் கெட்டிப் பசை முட்ட நிறைந்திருந்தது. வலப்பை வெறுமையாக, கிழிந்து இருந்தது.

வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. இந்தப் பையில் புற்றுநோய்க் கட்டி வருவதுண்டு. பெரும்பாலும் வயதான நாய்களுக்கு. சில சமயம் பயறு அளவுக் கட்டியே ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும், நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும். அதனால் இரண்டு பைகளின் சுவரையும் விரலால் தடவிப் பார்த்தார், உள்ளே நிணநீர் முடிச்சு பெருத்திருக்கிறதா என்று பார்த்தார், ரத்தத்தில் கால்சியம் எடுத்தார். கட்டி எதுவும் இல்லை, கால்சியம் இயல்பு. வெள்ளையணு மட்டும் கூடியிருந்தது. ஆசனவாயைச் சுற்றிப் பல துளைகளாகப் புரையோடும் வேறொரு நோய் உண்டு. அதை அதிகமும் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில்தான் பார்க்கிறோம். இங்கே ஒற்றைத் துளை, அதுவும் சரியாகப் பையின் மேல். ஆக, வலப்பைச் சீழ்க்கட்டி உடைந்தது, இடப்பை அடைப்பு.

செய்ததும் காரணமும்

முடியை மழித்து, வெதுவெதுப்பான உப்புநீரால் துளை வழியாகப் பையைத் திரும்பத் திரும்பக் கழுவினோம், தெளிந்த நீர் வரும்வரை. துளையைத் தைக்கவில்லை. "இவ்வளவு பெரிய ஓட்டையை அப்படியே விடுறீங்களே" என்று பாட்டி பதறினார். தைத்து மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் தேங்கும். அடியிலிருந்து ஆறி மேலே வந்து தானாக மூட வேண்டும். இடப்பையை உள்ளிருந்து ஒரு விரல், வெளியே கட்டைவிரல் வைத்து மெல்லப் பிதுக்கிக் காலியாக்கினார்.

காய்ச்சலும் சுற்றுத்தோலில் பரவிய வீக்கமும் இருந்ததால் ஏழு நாள் அமாக்சிசிலின்–கிளாவுலானேட் கொடுத்தார். வெறும் அடைப்பு மட்டும் இருந்திருந்தால் கிருமிக்கொல்லி கொடுத்திருக்க மாட்டார். நாய்க்கான வலிமருந்து ஐந்து நாள், சாப்பாட்டோடு. எந்தக் கிருமி என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குச் சீழை உடனே அனுப்பவில்லை. முதல் தடவை, சீழும் வடிந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் அனுப்புவோம் என்று பதிவில் எழுதினார்.

வீட்டில் செய்ய வேண்டியது: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம் ஒத்தடம். துணியை நம் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்தால் சுடக் கூடாது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, இரவும் பகலும். இதையெல்லாம் முதலில் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டேன். தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது, திங்கட்கிழமை காலையில் அவர் அலுவலகத்தில் இருப்பார், ஒத்தடம் கொடுக்கப்போவது வேறு ஒருவர். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஒரு முறை ஒத்தடம் கொடுக்க வைத்தேன்.

வீட்டில் முதல் இரண்டு வாரம்

மூன்றாம் நாள் பார்வையில் வெப்பம் 38.7. துளையின் அடியில் நல்ல இளஞ்சிவப்பு. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலை மறுபடி வந்தார்கள். புண் ஓரம் முழுவதும் நக்கி ரணமாகியிருந்தது. கூம்போடு கிண்ணத்தில் வாய் வைக்க முடியாமல் நாய் தவித்ததைப் பார்த்துப் பாட்டி முந்தைய மதியம் அதைக் கழற்றிவிட்டார். திரும்ப மாட்ட மனம் வரவில்லை. "பாவம்மா, வாயில்லா ஜீவன், சாப்பிடக்கூட முடியல" என்றார் என்னிடம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாட்டி, கழட்டலாம். அது சாப்பிடுற பத்து நிமிஷம் நீங்க பக்கத்துல உட்கார்ந்திருங்க. முடிஞ்சதும் நீங்களே மாட்டிவிடுங்க" என்றேன். கிண்ணத்தையும் ஒரு சின்ன முக்காலிமேல் வைக்கச் சொன்னோம். அதற்குப் பிறகு கூம்பு அவர் பொறுப்பு. ஒரு வேளைகூடத் தவறவில்லை. துளை பதினான்காம் நாள் மூடியது. நாங்கள் எதிர்பார்த்தது பத்து நாள்.

மறுபடியும் இடப்பக்கம்

ஐந்தாம் வாரம் நாய் மறுபடி தேய்த்தது. இந்த முறை பணிப்பெண் அன்றைக்கே அம்மாவுக்குச் செய்தி அனுப்பினார், மறுநாளே வந்துவிட்டார்கள். இடப்பை நிறைந்திருந்தது, சீழ் இல்லை. பிதுக்கியதோடு சரியாயிற்று.

"ரெண்டு பையையும் எடுத்துடுங்க டாக்டர், இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பைகள் இல்லாமல் நாய்க்கு எந்தக் குறையும் இல்லை. திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும் நாய்க்கும், கட்டி உள்ள நாய்க்கும் அறுவைதான் வழி. மருத்துவர் இப்போது வேண்டாம் என்றார். பை சுருக்குத்தசைகளுக்கு நடுவில் இருக்கிறது, அந்தத் தசையை இயக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அழற்சியால் திசு ஒட்டிக்கிடக்கும்போது அறுத்தால் நரம்பு அடிபடலாம். அடிபட்டால் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். அந்த ஆபத்து சிறியதுதான், ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குள் வாழும் நாய்க்கு அது வாழ்க்கையையே மாற்றிவிடும். அதைவிட முக்கியமாக, பை ஏன் நிறைகிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

அன்றுதான் மருத்துவர் பாதங்களைத் தூக்கிப் பார்த்தார். துருநிற முடி, விரலிடுக்கில் சிவப்பு, காதில் சிவப்பு, வருஷத்துக்குப் பல முறை இளகும் மலம். ஒவ்வாமை. எங்கள் கணினிப் பதிவைத் திறந்தோம். ஐந்து மாதம் முன்பு தடுப்பூசிக்கு வந்த நாளில் "பாதம் நக்குகிறது" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் செய்யவில்லை, வாலைத் தூக்கியும் பார்க்கவில்லை. அந்த வரியை எழுதியது நான்தான். எடை போட்டு, எழுதிவிட்டு, அடுத்த நாயைக் கூப்பிட்டிருக்கிறேன். அதை இன்றும் என்னால் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எட்டு வார உணவுச் சோதனை

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பத்தகுந்த ரத்தச் சோதனை கிடையாது. சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்துச் செய்த மருத்துவ உணவு மட்டும், எட்டு வாரம், வேறு எதுவும் இல்லை. வேறு எதுவும் என்பதில் மாதாந்திர இதயப்புழு மாத்திரையின் இறைச்சிச் சுவையும் சேரும், கோழிச் சுவை பற்பசையும் சேரும். மாத்திரைக்குப் பதில் கழுத்துத் தோலில் ஊற்றும் மருந்துக்கு மாற்றினோம்.

பெரிய கேள்வி பாட்டிதான். காலையில் இட்லி விள்ளல், மதியம் தயிர்சோறு, மாலையில் தேநீரில் நனைத்த பிஸ்கட் என்று ஆறு வருஷமாக அவர் கையிலிருந்துதான் நாய் வாங்கித் தின்கிறது. அதை நிறுத்து என்றால் இருவருக்கும் இடையில் இருப்பதையே நிறுத்து என்பது போல. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். நாயின் அன்றைய அளவிலிருந்து ஒரு பங்கை எடுத்து ஒரு மைலோ டின்னில் போட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிடுவார். இட்லி நேரத்தில் டின்னிலிருந்து இரண்டு, தேநீர் நேரத்தில் நாலு. நாய் டின் சத்தத்துக்கு ஓடிவரப் பழகிவிட்டது.

பாட்டி இன்னொன்றும் கேட்டார். "எங்களுக்கு மலம் சரியா போகலன்னா இசப்கோல் குடிப்போமே, இதுக்குக் கொடுக்கக் கூடாதா?" நல்ல யோசனை. மலத்தைத் திரட்டி கனமாக்குவதால் இசப்கோல் உமி இந்த நாய்களுக்கு உதவுகிறது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது. அதனால் மருத்துவர் அதைச் சோதனை முடியும்வரை தள்ளிவைத்தார்.

மூன்றாம் வாரம் மலம் உருட்சியாக, அள்ளினால் புல்லில் ஒட்டாமல் வந்தது. ஆறாம் வாரம் பாதம் நக்குவது பெருமளவு குறைந்தது. எட்டாம் வாரம் முடிந்ததும், வேகவைத்த கோழியைத் தினமும் கொஞ்சம் சேர்த்தோம். வீட்டில் யாருக்கும் இதில் விருப்பம் இல்லை. நன்றாக இருக்கும் நாய்க்கு எதற்குத் தொந்தரவு என்றார்கள். ஆனால் இந்தக் கடைசிப் படி இல்லாமல் சோதனை முடிவதில்லை. நாலாம் நாள் பாதத்தை நக்க ஆரம்பித்தது, ஆறாம் நாள் மலம் இளகியது. கோழியை நிறுத்திய பத்து நாளில் அடங்கியது. தீபாவளிப் பலகாரம் பத்து நாள் வயிற்றைக் கெடுத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, வருஷக்கணக்காக, அதன் தினசரி உணவே கோழிதான்.

ஏழாம் மாதத்தில்

உணவு இப்போது மீன் சார்ந்தது. தினம் ஒரு சிட்டிகை இசப்கோல், தண்ணீரில் ஊறவைத்து, மருத்துவர் சொன்ன அளவில். எடை 7.3 கிலோ. ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை, மூன்றாம் மாதத்தில், இடப்பையைப் பிதுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு மாதந்தோறும் தடவிப் பார்த்தோம். இரண்டும் மென்மையாகவே இருந்தன, அதனால் தொடவில்லை. அறுவை தேவைப்படவில்லை. மறுபடி சீழ் பிடித்தால் அந்தப் பேச்சை எடுப்போம் என்று குடும்பத்துக்குத் தெரியும்.

எதை மாற்றியிருக்கிறோம்

முடி வெட்டும் கடையில் இனி சுரப்பியைத் தொட வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டது. நிறையாத பையை ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிதுக்குவதால் நன்மை இல்லை, அழற்சிதான் மிச்சம். கடைக்காரர் வித்தியாசமாக எதையாவது கண்டால் படம் எடுத்து அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்புகிறார்.

எங்கள் பக்கத்தில், தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் இப்போது வாலைத் தூக்கிப் பார்க்கிறோம். அரை நிமிட வேலை. பாதம் நக்குவதாகச் சொன்னால் மலம் எப்படி என்று அடுத்த கேள்வி. நாயை நடத்திச் செல்வது யார் என்று பதிவில் தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். அவர் அறைக்குள் வந்திருக்கிறாரா, வெளியே பையோடு உட்கார்ந்திருக்கிறாரா என்று நான் எட்டிப் பார்த்துவிட்டே கதவை மூடுகிறேன்.

வீட்டில் பார்ப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஒரு முறை தேய்த்தால் அது அரிப்பாக இருக்கலாம். இரண்டு நாளில் திரும்பத் திரும்பத் தேய்த்தாலோ, வாலடியை நக்கிக்கொண்டே இருந்தாலோ, படுத்த இடத்தில் மீன் வாடை வந்தாலோ, வாலைத் தூக்கிப் பாருங்கள், கூட்டிவாருங்கள். ஒரு பக்கம் வீங்கி, சிவந்து, தொட்டால் கத்தினால் அன்றைக்கே. கற்றுக்கொள்ளாமல் வீட்டில் பிதுக்காதீர்கள். அடைந்த பையை வெளியிலிருந்து அழுத்தினால் அது உள்ளுக்குள்ளேயே கிழியலாம். புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ வேண்டாம்.

சென்ற வாரம் மாதப் பார்வைக்கு வந்தார்கள். பணிப்பெண் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியின் மூன்று தாள்களை மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தேதியின் மூலையிலும் பென்சிலால் ஒரு குறி: கெட்டியாக இருந்தால் வட்டம், இளகினால் அலைக்கோடு, தேய்த்தால் பெருக்கல் குறி. தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. தேதியைப் பாட்டி காட்டிக்கொடுப்பாராம். மூன்று மாதத்தில் அலைக்கோடு நாலு. பெருக்கல் குறி ஒன்றும் இல்லை. மூன்று தாளையும் நகலெடுத்து நாயின் கோப்பில் வைத்துவிட்டு, அசலை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.